கீட்டோ உணவு தொடங்கிய பிறகு இவருக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. வலிப்பு உள்ளவருக்கு இது நல்லதா, ஆபத்தா?

மல்லிகா_சாட்ஸ்வொர்த் (டர்பன்)
ஆகஸ்ட் 18, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு வயது 41. பதினேழு வயதிலிருந்து வலிப்பு. மூன்று மருந்துகள் மாற்றிப் பார்த்தாச்சு. இப்போது இரண்டு மாத்திரைகள் சேர்த்து எடுக்கிறார். அப்படியும் மாதத்துக்கு நாலைந்து ஃபிட்ஸ் வந்துகொண்டுதான் இருந்தது. மே மாதம் நரம்பு டாக்டரும் டயட்டீஷியனும் சேர்ந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்துவிட்டு, மாடிஃபைட் அட்கின்ஸ் என்கிற கீட்டோ வகை உணவுமுறையைத் தொடங்கினார்கள். ஒரு நாளைக்கு 20 கிராம் மாவுச்சத்துக்கு மேல் கூடாது. சோறு, ரொட்டி, பருப்பு, சுகர் பீன்ஸ் எல்லாம் நின்றுபோயிற்று. ஆட்டுக்கறி வைத்தால் உருளைக்கிழங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு, எண்ணெயும் கறியுமாகச் சாப்பிடுகிறார். பார்க்க எனக்குத்தான் கஷ்டம். அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

ஃபிட்ஸ் குறைந்திருக்கிறது. ஜூலையில் ஒன்று, இந்த மாதம் இன்னும் ஒன்றும் இல்லை. அம்மனைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் தூக்கம் மாறிப்போய்விட்டது. முன்பு ஒன்பது மணிக்குப் படுத்தால் காலை ஏழு வரை தூங்குவார், ஞாயிறு மதியம் தனியாக இரண்டு மணி நேரம். இப்போது பத்து மணிக்குப் படுத்து, நாலரைக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். சில நாள் மூன்றரைக்கே. தூக்கம் கெட்டால் ஃபிட்ஸ் வரும் என்றுதான் இத்தனை வருஷமாக எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அவர் எழுந்தால் எனக்கும் விழிப்பு வந்துவிடுகிறது. அவர் திரும்பப் படுத்த பிறகும் இருட்டில் அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு கிடக்கிறேன். கிளினிக்குக்குப் போக இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இந்த உணவில் இருக்கும் பெரியவர்கள் யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

---

தேவன்_பீனிக்ஸ்
ஆகஸ்ட் 18, இரவு 11.02

மல்லிகா சிஸ்டர், என் மகன் பான்டிங் என்கிற, மாவுச்சத்தைக் குறைக்கும் உணவில் இருந்தான். எடை குறைக்கத்தான். முதல் இரண்டு வாரம் ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே இருந்தான், காலில் நரம்பு இழுத்தது. அப்புறம் விட்டுவிட்டான், சரியாகிவிட்டது. தூக்கம் போகிறது என்றால் உடம்பு வேண்டாம் என்று சொல்கிறது என்றுதான் அர்த்தம். ராத்திரிக்கு மட்டுமாவது கொஞ்சம் சோறு கொடுங்கள்.

---

கவிதா_உணவியல் (ஜோகன்னஸ்பர்க்)
ஆகஸ்ட் 19, காலை 6.40

தேவன் அண்ணா, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அப்படிச் செய்யவே கூடாது. மல்லிகா அக்கா, தயவுசெய்து ராத்திரிச் சோறு கொடுத்துவிடாதீர்கள். ஒரு கப் சோற்றில் கிட்டத்தட்ட 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அவருடைய இரண்டு நாள் அளவு ஒரே வேளையில் உள்ளே போய்விடும், கீட்டோன் (மாவுச்சத்து இல்லாதபோது உடம்பு கொழுப்பிலிருந்து உண்டாக்கும் எரிபொருள்) இறங்கிவிடும். இதில் இருப்பவர்களுக்குச் சட்டென்று கீட்டோன் இறங்கினால் ஃபிட்ஸ் திரும்பி வரக்கூடும். நிறுத்த வேண்டும் என்றாலும் டாக்டர் சொல்கிற வேகத்தில், படிப்படியாகத்தான்.

சென்னையில் படித்துவிட்டு இங்கே டயட்டீஷியனாக வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

2013 வாக்கில் டிம் நோக்ஸ் பேராசிரியர் பேசப் பேச தென்னாப்பிரிக்கா முழுக்கப் பான்டிங் பரவியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அது எடைக்கான உணவு. வலிப்புக்கான கீட்டோ அதைவிட வெகு பழையது. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற டாக்டர் முன்வைத்தது. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்று முன்பே கண்டிருந்தார்கள். பட்டினி போடாமலே உடம்பைப் பட்டினி நிலையில் வைக்க முடியுமா என்பதுதான் அவருடைய யோசனை. பழைய முறையில் 4 பங்கு கொழுப்புக்கு மற்றதெல்லாம் சேர்த்து 1 பங்கு, கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுப்பார்கள். பெரியவர்கள் பலரால் அதைத் தாங்க முடியவில்லை. உங்கள் வீட்டில் இருப்பது ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உருவாக்கி 2003இல் வெளியிட்ட இலகுவான வடிவம்.

பெரியவர்களுக்கு வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு: டெல்லி எய்ம்ஸில் மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள 160 பேரிடம் செய்த ஆய்வு 2023இல் வந்தது. பாதிப் பேர் பதின்வயதினர், பாதிப் பேர் பெரியவர்கள். ஆறு மாதத்தில், இந்த உணவில் இருந்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு ஃபிட்ஸ் பாதிக்கு மேல் குறைந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் அது 2.5 சதவீதம்தான். எல்லோருக்கும் பலிக்காது. பலித்தவர்களுக்கு அது பெரிய விஷயம்.

இனி தூக்கம். அக்கா, "குறைந்துவிட்டது" என்பதும் "கெட்டுவிட்டது" என்பதும் ஒன்றல்ல. சுவீடனில் வலிப்பு உள்ள 18 குழந்தைகளை, கீட்டோ தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும், ராத்திரி முழுக்கத் தலையில் ஒயர் ஒட்டித் தூக்கத்தை அளந்தார்கள். 2007இல் வெளிவந்தது. மொத்தத் தூக்கம் குறைந்திருந்தது. ஆனால் ஆழ்ந்த உறக்கம் குறையவே இல்லை. கனவு வரும் உறக்கம் கூடியிருந்தது. குறைந்ததெல்லாம் நடுத்தரமான மேலோட்ட உறக்கம். ஒரு வருஷம் தொடர்ந்தவர்களிடம் பகல் தூக்கமும் குறைந்திருந்தது. கனவு உறக்கம் கூடக் கூட வாழ்க்கைத் தரமும் கூடியது என்று எழுதினார்கள். பொதுவாகக் கனவு உறக்கத்தில் ஃபிட்ஸ் அரிது, மேலோட்ட உறக்கத்தில்தான் அதிகம் கிளம்பும். அதனால்தான் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

அது குழந்தைகள், இவர் பெரியவர், அதை மறக்கவில்லை. பெரியவர்களிடம் இப்படி இயந்திரம் வைத்து அளந்த ஆய்வுகள் குறைவு. ஆரோக்கியமான 14 ஆண்களுக்குச் சில நாள் மட்டும் மாவுச்சத்தைக் குறைத்துப் பார்த்த 2008ஆம் ஆண்டு ஆய்வில் ஆழ்ந்த உறக்கம் கூடியது, ஆனால் கனவு உறக்கம் குறைந்தது. முதல் நாட்கள் வேறு, மூன்றாம் மாதம் வேறு என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

நான் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்று. நாலரைக்கு எழுகிறாரே, பகலில் எப்படி இருக்கிறார்?

---

மல்லிகா_சாட்ஸ்வொர்த்
ஆகஸ்ட் 19, இரவு 9.20

கவிதா தங்கச்சி, இந்தக் கேள்வியை நான் என்னையே கேட்டதில்லை. நாள் முழுக்க யோசித்தேன். பகலில் நன்றாக இருக்கிறார். ஞாயிறு மதியம் தூங்குவதில்லை. முன்பெல்லாம் பேசிக்கொண்டே இருக்கும்போது கண் செருகும், அது இல்லை. போன வாரம் கேரேஜில் ஒன்றரை வருஷமாகக் கிடந்த அலமாரியைச் செய்து முடித்துவிட்டார். நான்தான் களைத்துப்போய் இருக்கிறேன்.

---

சரஸ்வதி_மாரிட்ஸ்பர்க்
ஆகஸ்ட் 20, மதியம் 1.10

நானே இந்த உணவில் இரண்டாவது வருஷம் இருக்கிறேன். வயது 34. என் அனுபவம் தலைகீழ், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு முதல் மாதம் தூக்கமே இல்லை. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும், ஒன்றுக்குப் போக மூன்று முறை எழுவேன். வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். ஆயா சாமி கும்பிட்டு விபூதி பூசினார். காரணம் வெறும் உப்புக் குறைவு. மாவுச்சத்தை நிறுத்தியதும் உடம்பு உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளிவிடுகிறது. நானோ ரத்த அழுத்தத்துக்குப் பயந்து உப்பை வேறு குறைத்திருந்தேன். டயட்டீஷியன் சொன்ன பிறகு, சாயங்காலம் எலும்பு ரசம் ஒரு கப் உப்புப் போட்டுக் குடித்தேன். நாலாம் நாள் தூங்கிவிட்டேன். (பிரஷர், கிட்னி, இருதயம் என்று ஏதாவது இருப்பவர்கள் கேட்காமல் உப்பைக் கூட்ட வேண்டாம்.)

இரண்டாவது, எம்சிடி எண்ணெய், சீக்கிரம் கீட்டோனாக மாறுகிற எண்ணெய். ராத்திரிச் சாப்பாட்டில் ஊற்றினேன், வயிறு கடமுட என்று பதினொரு மணிவரை. காலைக்கு மாற்றியதும் நின்றது.

மூன்றாவது டீ. பசியை அடக்க க்ரீம் ஊற்றி ஐந்து, ஆறு கப் குடித்துக்கொண்டிருந்தேன். இப்போது மதியத்துக்கு மேல் ரூய்போஸ் என்ற மூலிகை டீ மட்டும். அதில் கஃபீன் கிடையாது, க்ரீமோடு நன்றாகவே இருக்கிறது.

மல்லிகா அக்கா, உங்கள் வீட்டுக்காரருக்கு நெஞ்சுப் படபடப்பு, கால் இழுப்பு உண்டா? இருந்தால் அது வேறு கதை.

---

கவிதா_உணவியல்
ஆகஸ்ட் 20, மாலை 5.30

சரஸ்வதி சொன்ன டீ விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். நம் மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் பகல் முழுக்கச் சேர்ந்துகொண்டே வந்து, ராத்திரி தூக்கத்தை இழுத்து வருகிறது. அதே அடினோசின் வலிப்பையும் அடக்குகிறது. கீட்டோ உணவு கொடுத்த எலிகளில் இந்த அடினோசினின் வேலை கூடியதைப் பார்த்திருக்கிறார்கள். டீயிலும் காபியிலும் உள்ள கஃபீன் செய்வது அந்த அடினோசினை வேலை செய்யவிடாமல் தடுப்பதுதான். பட்டினிபோல் இருந்து சம்பாதித்ததை ஒரு கப் டீயில் ஏன் விட வேண்டும் என்று என்னிடம் வருபவர்களிடம் சொல்வேன்.

---

பார்மசி_ரவி (டோங்காட்)
ஆகஸ்ட் 20, இரவு 8.45

நான் முப்பது வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறவன். இந்த இழையைப் படிக்கிறவர்கள் அவசரப்பட்டு எதையாவது வாங்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தூக்கம் வரவில்லை என்று வலிப்புக்காரர்கள் கடைக்கு வந்து, அலர்ஜி மாத்திரை வகையைச் சேர்ந்த தூக்க மாத்திரையைத் தானாக வாங்குகிறார்கள். அந்த வகையில் சில, ஃபிட்ஸ் வரும் வாய்ப்பைக் கூட்டும். வேண்டாம். சிரப் மருந்துகளில் சர்க்கரை உண்டு, வேறு வடிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். டொபிரமேட் என்ற வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள் கீட்டோவில் இருந்தால் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், டாக்டருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். லாமோட்ரிஜின் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. எந்த நேரத்தில் எடுப்பது என்பதை மாற்றினாலே தீர்ந்துவிடுவதுண்டு, ஆனால் அதை மாற்றுகிற உரிமை டாக்டருக்குத்தான், எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

இன்னொன்று நம் ஆட்களுக்காகவே சொல்கிறேன். இந்த ஊரில் நம்மவர்களில் வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை நோய். இன்சுலினோ, "ஃப்ளோசின்" என்று பெயர் முடிகிற மாத்திரையோ எடுப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறாரே என்று இந்த உணவைத் தொடங்கிவிடாதீர்கள். ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

---

ஞானம்மா_இசிபிங்கோ
ஆகஸ்ட் 21, காலை 10.05

மகளே மல்லிகா, என் மகனுக்கு 29 வயது. அவனும் "தூக்கம் சரியில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். உண்மையில் என்னவென்றால் தூங்கும்போதே ஃபிட்ஸ் வந்து போயிருக்கிறது. அவனுக்கே தெரியாது. நான் துணி துவைக்கும்போதுதான் கண்டுபிடித்தேன், தலையணை உறையில் எச்சில் காய்ந்து, அதில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கின் ஓரம் பல் பட்டுக் கன்றியிருந்தது. இரண்டு தோளும் வலிக்கிறது என்று அவன் ஒரு வாரமாகச் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதனால் காலையில் நாக்கைப் பாருங்கள், தலையணையைப் பாருங்கள், தலைவலி இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கும்போது பயத்தைக் காட்டாதீர்கள், அவர்கள் மறைத்துவிடுவார்கள்.

குறட்டையும் கவனியுங்கள். என் மகனுக்குப் பிறகு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதியும் இருந்தது தெரிந்தது. முகமூடி மெஷின் கொடுத்தார்கள். லோட்ஷெடிங் (மின்வெட்டு) காலத்தில் அந்த மெஷினுக்காகவே பேட்டரி வாங்கினோம்.

---

தேவன்_பீனிக்ஸ்
ஆகஸ்ட் 21, மதியம் 12.30

கவிதா தங்கச்சி, ரவி அண்ணா, நான் சோறு கொடுக்கச் சொன்னது தப்பு. எடை குறைக்கிறதும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். மல்லிகா சிஸ்டர் மன்னிக்க வேண்டும்.

ஒரு சந்தேகம். தூக்கத்தில் ஃபிட்ஸ் வந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வது? எங்கள் பக்கம் இன்னும் கையில் இரும்புச் சாவி கொடுக்கிறார்கள்.

---

பார்மசி_ரவி
ஆகஸ்ட் 21, மதியம் 12.55

சாவி வேண்டாம், வாயில் ஸ்பூன் வைப்பது வேண்டவே வேண்டாம், அழுத்திப் பிடிக்கவும் கூடாது. தலையணையை முகத்திலிருந்து அகற்றி, ஃபிட்ஸ் நின்றவுடன் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். குப்புறக் கிடக்க விடாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷம் தாண்டினாலோ, தெளியாமல் மறுபடி வந்தாலோ இங்கே தென்னாப்பிரிக்காவில் 10177க்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

---

கவிதா_உணவியல்
ஆகஸ்ட் 21, இரவு 9.00

அக்கா, ஞானம்மா ஆன்ட்டி சொன்னதுதான் இந்த இழையில் ஆகப் பெரிய விஷயம். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள், இரண்டு வாரத்துக்கு. படுத்த நேரம், எழுந்த நேரம், எழுந்தபோது எப்படி இருந்தார், காலையில் நாக்கு, தலைவலி, பகல் தூக்கம், சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் கீட்டோன் பட்டையின் நிறம், அன்றைக்கு என்ன சாப்பிட்டார். நீங்கள் மூச்சை எண்ண வேண்டாம், நோட்டு எண்ணிக்கொள்ளும். நீங்களும் தூங்க வேண்டும்.

---

மல்லிகா_சாட்ஸ்வொர்த்
செப்டம்பர் 6, இரவு 8.30

நோட்டு முடிந்தது. 14 ராத்திரிகள். அவரே உட்கார்ந்து கோடு போட்டுக் கொடுத்தார்.

பத்து ராத்திரி ஒரே மாதிரி: பத்துக்குப் படுக்கை, நாலரைக்கு எழுந்தார், தலை தெளிவு, பகலில் தூக்கம் இல்லை, பட்டை நல்ல கத்தரிப்பூ நிறம். எழுந்து என்ன செய்கிறார் என்று இப்போதுதான் கேட்டேன். "சும்மா உட்கார்ந்திருப்பேன், தலை இப்படிக் காலியாக இருந்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

மூன்று ராத்திரி மூன்றரைக்கே விழிப்பு, கால் இழுப்போடு. மூன்றும், பகலில் அவர் வெயிலில் கொல்லையில் வேலை செய்த நாட்கள். சரஸ்வதி, நீ சொன்ன உப்புதான். கிளினிக் டயட்டீஷியனிடம் போனில் கேட்டு ரசம் கொடுத்தேன், அதற்குப் பிறகு இழுப்பு இல்லை.

ஒரு ராத்திரி, ஆகஸ்ட் 30. அவர் ஆறரை வரை எழவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பழையபடி தூங்குகிறாரே என்று. எழுந்ததும் தலைவலி என்றார். நாக்கின் இடது ஓரம் கன்றியிருந்தது. ஞானம்மா ஆன்ட்டி, நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் அதை நல்ல ராத்திரி என்றே எழுதியிருப்பேன். முந்தின நாள் ஒரு கல்யாணத்தில் சாம்பார், வடை, கொஞ்சம் பாயசம் சாப்பிட்டிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. ராத்திரி பட்டையில் நிறமே ஏறவில்லை.

கிளினிக்கை அழைத்துச் சொன்னேன். ஆறு வாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம், புதன்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

---

ஞானம்மா_இசிபிங்கோ
செப்டம்பர் 7, காலை 7.15

பாயசத்துக்காக அவரைத் திட்டாதே மகளே. கல்யாண வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது ஒருவர் மட்டும் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்காருவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அடுத்த முறை கைப்பையில் அவருக்கென்று ஏதாவது எடுத்துப் போ. பில்டாங் (உலர்ந்த இறைச்சி) பாக்கெட் எடுத்தால் பின்னால் சர்க்கரை அளவைப் படித்துப் பார்.

---

மல்லிகா_சாட்ஸ்வொர்த்
செப்டம்பர் 11, மாலை 6.50

இன்றைக்குப் போய் வந்தோம். டாக்டர் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். ஆறரை மணி நேரம் தூங்கித் தெளிவாக எழுகிறவரைத் தூக்க மாத்திரை கொடுத்து ஒன்பது மணி நேரம் படுக்க வைக்க மாட்டேன் என்று சொன்னார். ஆகஸ்ட் 30ஐ ஃபிட்ஸ் என்றே கணக்கில் எழுதிக்கொண்டார். மாத்திரை அளவு மாறவில்லை, ராத்திரி மாத்திரையை ஒரு மணி நேரம் முன்னால் எடுக்கச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள், கொழுப்புக்கும் அமிலத்துக்கும். குறட்டை உண்டா என்று கேட்டு, தூக்கப் பரிசோதனைக்கும் எழுதியிருக்கிறார். கார் ஓட்டுவது இப்போதைக்கு இல்லை, அதில் அவருக்கு வருத்தம்.

இப்போது எனக்கு இன்னொரு கவலை. அடுத்த வாரம் புரட்டாசி பிறக்கிறது. எங்கள் வீட்டில் மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை கிடையாது. அவர் விரதத்தை விட மாட்டார். என்ன கொடுப்பேன்?

---

சரஸ்வதி_மாரிட்ஸ்பர்க்
செப்டம்பர் 11, இரவு 7.30

போன வருஷம் நான் புரட்டாசியைக் கடந்தேன் அக்கா, முடியும். பருப்பைத் தொடாதீர்கள், ஒரு கப் பருப்பிலேயே 20 தாண்டிவிடும். பனீர், டோஃபு, அவகாடோ, முருங்கைக்கீரை நிறையத் தேங்காய் போட்டு, முட்டைக்கோஸ் பொரியல் நெய்யில், காலிஃபிளவரைத் துருவிச் சோறு மாதிரி. நம் பக்கத்து மெக்கடேமியா கொட்டை ஒரு கைப்பிடி. கவனிக்க வேண்டியது ஒன்று: முட்டையும் கறியும் போனால் பசி வரும், பசியோடு படுத்தால் மூன்று மணிக்கு விழிப்பு வரும். ராத்திரிச் சாப்பாட்டில் கொழுப்பு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலை முன்கூட்டியே உங்கள் டயட்டீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

---

மல்லிகா_சாட்ஸ்வொர்த்
செப்டம்பர் 23, காலை 8.10

புரட்டாசி முதல் சனிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. பட்டை நிறம் குறையவில்லை. இன்று காலை ஐந்தேமுக்காலுக்கு நான் எழுந்து வந்தபோது அவர் ஏற்கெனவே அடுப்பு முன்னால் நின்று பனீரை நெய்யில் வறுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ரூய்போஸ் போட்டு மூடி வைத்திருந்தார். அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் தூங்கிவிட்டிருக்கிறேன்.

சரஸ்வதி, பொட்டுக்கடலை இல்லாமல் தேங்காய்ச் சட்னி தண்ணீராக ஓடுகிறது. நீ எப்படிக் கெட்டியாக்குகிறாய்?

---

சரஸ்வதி_மாரிட்ஸ்பர்க்
செப்டம்பர் 23, காலை 8.25

நாலு மெக்கடேமியாவை ராத்திரியே ஊறப் போட்டுச் சேர்த்து அரையுங்கள் அக்கா. தண்ணீரைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும், ஒரு ஸ்பூன் போதும்.